தவமணி அக்கா நின்ற இடத்துச் சத்தம்

திங்கட்கிழமை வேலைக்குச் சேரப்போகும் உங்கள் இருவருக்கும்,

மீற்றர் பெட்டியை முதல்முறை தோளில் மாட்டும்போது உங்கள் முகம் எப்படி இருக்கும் என்று எனக்கு இப்போதே தெரியும். என் முகமும் அப்படித்தான் இருந்தது. அந்தப் பெட்டி என்னிடம் வந்த அன்று அதை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனேன். பக்கத்தில் இருந்தவர் "என்ன மகள், கமெராவா?" என்று கேட்டார். "இல்ல, சத்தம் அளக்கிறது" என்றேன். அவர் கேட்காமலே மூடியைத் திறந்து காட்டி, பஸ்ஸின் சத்தத்தையும் அளந்து காட்டினேன். சாரதி திரும்பிப் பார்த்தார். எனக்கு அவ்வளவு சந்தோசம்!

இப்படி எழுதுவதெல்லாம் ஓய்வு பெற்றவர்களின் வேலை என்று சிரிப்பீர்கள். எனக்கு வயது இருபத்தெட்டு. வேலைத்தலங்களில் சத்தம் அளக்கும் இந்த வேலையில் நான்கு வருடம்தான். ஆனால் அடுத்த மாதம் நான் திருகோணமலைக் கிளைக்குப் போகிறேன். என் மேசையும் மீற்றரும் உங்களிடம் வருகின்றன. மீற்றரின் அளவை எப்படிச் சரிபார்ப்பது, எண்களை எந்தப் படிவத்தில் நிரப்புவது என்பதெல்லாம் கையேட்டில் இருக்கிறது. கையேட்டில் இல்லாத ஒன்றை மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன். என் முதல் அறிக்கையை நானே எப்படிக் கிழித்தேன் என்ற கதை.

எங்கள் வீடு பனிச்சங்கேணியில். அப்பா வாவியில் வலை போடுகிறவர். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்தவளும் நான்தான், வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்துக்குப் போய்ப் பட்டம் எடுத்தவளும் நான்தான். இதைப் பணிவாகச் சொல்ல எனக்கு வராது. ஆகவே தனியாக ஓர் இடத்துக்குப் போய்ச் சத்தம் அளந்து, அறிக்கை எழுதி, அடியில் என் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்ட நாளில், அந்தத் தாளைப் படம் பிடித்து முதலில் அப்பாவுக்குத்தான் அனுப்பினேன். அவர் அதை யார் யாருக்கெல்லாம் காட்டினார் என்பது பிறகுதான் தெரிந்தது.

அந்த இடம் செங்கலடியில் இருந்து கொஞ்சம் உள்ளே போனால் வரும் ஓர் அரிசி ஆலை. பெயர் வேண்டாம். நான் போய் இறங்கியதுமே முதலாளி வாசலுக்கு வந்துவிட்டார்.

"வாங்க பிள்ளை, வாங்க. எங்கட மில்லுல சத்தமே இல்ல. நீங்க எத அளக்கப் போறீங்க?"

உள்ளே பார்த்தால் எல்லாருடைய தலையிலும் பளபளவென்று கறுப்பு ஹெட்போன்! உமி வாருகிற பெண்கள், மூட்டை தைக்கிறவர், இஞ்சின் பார்க்கிறவர், எல்லாரும்.

"மருமகன் கட்டார்ல இருந்து கொண்டு வந்தவர். பன்ரெண்டு. சத்தத்தை வெட்டுற ஹெட்போன். பிளேன்ல போட்டா பிளேன் பறக்கிறதே விளங்காதாம். நீங்க ஒருக்காப் போட்டுப் பாருங்க."

இஞ்சின் அறை வாசலில் நின்று போட்டுப் பார்த்தேன். பொத்தானை அழுத்தியதும் நெஞ்சை அதிரவைத்துக்கொண்டிருந்த அந்த உறுமல் யாரோ கையால் துடைத்தெடுத்தது போலப் போய்விட்டது. நான் வாய்விட்டுச் சிரித்தேன். படிப்பில் படித்த விடயம் காதுக்குள் நடக்கிறது! வெளியே இருக்கும் சத்தத்தைக் கேட்டு, அதற்கு நேர் எதிரான சத்தத்தை உள்ளே உண்டாக்கி, இரண்டையும் மோதவிட்டு அழிக்கிற கருவி. மீற்றரை எடுத்து ஆலையின் சத்தத்தை அங்கங்கே அளந்தேன். காதுக்குப் பாதுகாப்பான எல்லையைத் தாண்டித்தான் இருந்தது. ஆனால் எல்லாருக்கும் இவ்வளவு நல்ல பாதுகாப்பு இருக்கிறதே என்று மனம் நிறைந்துபோனது.

ஐந்து மணிக்கு வேலை முடிந்தது. வாசலில் ஓர் அக்கா என்னைப் பார்த்துச் சிரித்தார். பெயர் தவமணி. வயது நாற்பது இருக்கும். பொலிசர் என்கிற, அரிசியை வெள்ளையாக்கும் மிசினுக்குப் பக்கத்தில் நிற்கிறவர்.

"எத்தின வருசமா அக்கா இஞ்ச வேலை?" என்று கேட்டேன்.

அவர் காதுக்குப் பின்னால் கையை வைத்தார். திரும்பக் கேட்டேன். மூன்றாம் முறை கத்தினேன்.

"ஆ, வருசமா? பதினொண்டு. பலத்துக் கதை புள்ள, காதுக்குள்ள சில்வண்டு கத்துது."

முதலாளி பக்கத்தில் நின்று, "அவவுக்கு எப்பவும் இப்பிடித்தான். காது மட்டு" என்றார். நானும் தலையாட்டினேன். அந்தத் தலையாட்டல் இன்றைக்கும் எனக்குக் கூச்சமாக இருக்கிறது. அடுத்த நாள் அறிக்கையில் எழுதினேன்: 'வழங்கப்பட்டுள்ள ஹெட்போன்கள் போதிய பாதுகாப்பு அளிக்கின்றன.' கையெழுத்து. ஒரு பிரதி முதலாளிக்கு. படம் அப்பாவுக்கு.

மூன்று வாரம் கழித்து ஒரு காலை, செங்கலடிச் சந்தியில் பஸ்ஸுக்கு நிற்கிறேன். பின்னால் இருந்து ஒரு குரல்.

"மீற்றர் பிள்ளைதானே? உன்ட கடதாசியாலதான் எனக்கு வேலை போகப் போகுது."

தவமணி அக்கா. கோபமாகக்கூடச் சொல்லவில்லை, மழை வரப்போகிறது என்பது போலச் சொன்னார். பொலிசருக்கு அரிசி ஏற்றும் பெல்ட் இரண்டு முறை இறுகியிருக்கிறது. மிசினை நிறுத்தச் சொல்லி முதலாளி கத்தியிருக்கிறார். இவருக்குக் கேட்கவில்லை. இரண்டாம் முறை பெல்ட் அறுந்தே போனது. இந்த மாதத்தோடு வேலையை விட்டு நின்றுகொள் என்று சொல்லிவிட்டார்.

"மில்லால காது பழுதாப் போச்செண்டு சொல்லிப் பாத்தன். உன்ட கடதாசிய எடுத்து நீட்டினார். 'படிச்ச பிள்ளை எழுதித் தந்திருக்கு, இஞ்ச காதுக்கு ஒண்டும் ஆகாது. உன்ட காது பிறக்கக்குள்ளயே பழுது' எண்டார். நான் என்னத்தச் சொல்ல?"

எனக்கு முகம் எரிந்தது. பஸ் வருகிறதா என்று திரும்பியபோதுதான் அது உறைத்தது. சுற்றிலும் பஸ் ஹோர்ன், மீன்காரரின் கூவல், முச்சக்கரவண்டிகள். இவ்வளவுக்கும் நடுவில் நாங்கள் இருவரும் சாதாரணக் குரலில் கதைத்துக்கொண்டிருக்கிறோம்!

"அக்கா, நான் இப்ப கதைக்கிறது உங்களுக்கு விளங்குதா?"

"விளங்காம? காலையில எப்பவும் கேக்கும். பின்னேரந்தான் அடைக்கும்."

"ஞாயிற்றுக்கிழமை?"

"ஞாயிறு நல்லாக் கேக்கும்கா. என்ட மகள் வாய்க்குள்ள ஏசுறதும் கேக்கும்."

பிறவியிலேயே பழுதான காது ஞாயிற்றுக்கிழமை மட்டும் திறக்குமா? பெருஞ்சத்தத்தில் ஒரு நாள் நின்ற காது மாலையில் மரத்துப்போகும். ஓய்வு கிடைத்தால் விடியும்போது திரும்பும். ஒவ்வொரு நாளும் அப்படி மரத்துப்போனால் ஒரு நாள் திரும்பாமலே போய்விடும். படிப்பில் இதைப் பரீட்சைக்கு எழுதியிருக்கிறேன், நல்ல புள்ளியும் எடுத்திருக்கிறேன். முதலாளி தவமணி அக்காவோடு கதைப்பது பின்னேரம்தான். நானும் பின்னேரம்தான் கதைத்தேன். ஆக, அந்த ஹெட்போனைப் போட்டிருந்தும் அவருடைய காது தினமும் மரத்துப்போகிறது.

அங்கேயே நின்று அலுவலகத்துக்கு, நம் மேலதிகாரி மெடத்துக்கு அழைத்தேன்.

"மெடம், நான் எழுதின அறிக்கை பிழையெண்டு நினைக்கிறன்."

"நினைக்கிறீங்களா, தெரியுமா?"

"தெரியாது மெடம்."

"அப்ப தெரிஞ்சிட்டு வாங்க. எதை எழுதினாலும் ரெண்டு கடதாசியிலயும் உங்கட கையெழுத்துத்தான் கிடக்கும்."

அடுத்த நாள் மிளகு அளவு மைக் ஒன்றையும் கொண்டு ஆலைக்குப் போனேன். காதின் வாயில் ஒட்டிவிட்டு, அதன்மேல் எந்தக் கருவியைப் போட்டாலும் உள்ளே எவ்வளவு சத்தம் போகிறது என்று காட்டும் மைக் அது. முதல்முறையே கொண்டுபோயிருக்க வேண்டியது. சிரித்துக்கொண்டே போட்டுப் பார்த்தது எனக்குப் போதுமாக இருந்துவிட்டது.

தவமணி அக்கா என்னைப் பார்த்து இடுப்பில் கையை வைத்தார்.

"அண்டைக்கு நீ எங்க நிண்டு பாத்தாய்?"

"இஞ்சின் அறை வாசல்ல."

"நான் இஞ்சினையா மேய்க்கிறன்? நான் நிக்கிற இடத்தில வந்து நில்லு. அதுவும் இப்பிடி இல்ல. எங்களப்போல நில்லு."

சொல்லிவிட்டு ஒரு பழைய சீலைத் துண்டை எடுத்து என் தலையைச் சுற்றி, காதை மூடி, மூக்கையும் மறைத்து இறுக்கிக் கட்டினார். தவிட்டுத் தூசிக்காக அங்கே பெண்கள் எல்லாரும் அப்படித்தான் கட்டுவார்கள். அதற்கு மேல்தான் ஹெட்போன். நான் முதல் நாள் போட்டது வெறும் தலையில்.

பொலிசருக்குப் பக்கத்தில் நின்று பொத்தானை அழுத்தினேன். இஞ்சினின் உறுமல் பெரும்பாலும் போய்விட்டது, உண்மை. ஆனால் அந்த உறுமல் போனதும், அதற்கு அடியில் மறைந்திருந்த கீச்சுச் சத்தம் அம்மணமாக எழுந்து வந்தது. கல்லில் அரிசி உரசும் கிறீச், காற்றுக்குழாயின் சீறல், தகரத்தின் படபடப்பு. கழுவி வைத்த கத்தி போல அவ்வளவு துலக்கமாக! மைக் காட்டிய எண்களைப் பார்த்தேன். இஞ்சின் அறை வாசலில், வெறும் தலையில் ஹெட்போனைப் போட்டு அளந்தபோது, சத்தம் தடாரென்று விழுந்தது. பொலிசர் அருகில், சீலைக்கு மேல், கொஞ்சம்தான் அசைந்தது.

இதோடு முடியவில்லை. பகல் சாப்பாட்டுக்குப் பிறகு சுற்றிப் பார்த்தால் பன்னிரண்டில் ஐந்து ஹெட்போனில் விளக்கு எரியவில்லை. பற்றரி தீர்ந்துவிட்டது.

"தீந்தாக் கழட்ட மாட்டீங்களா?" என்று தவமணி அக்காவிடம் கேட்டேன்.

"கழட்டினா முதலாளி ஏசுவார். அது எங்களுக்கு மாலை மாதிரி. போட்டுக்கொண்டு நிக்கோணும்."

முதலாளியிடம் போய்ச் சொன்னேன். அவர் முகம் சுருங்கியது.

"அப்ப என்ட மருமகன் கொண்டு வந்தது பொய்ச் சாமானா?"

"பொய்யில்ல ஐயா, அருமையான சாமான். பிளேனுக்கும் பஸ்ஸுக்கும் அதைவிட நல்லது இல்ல. மெதுவா ஆடுற ஊஞ்சல எதிர்ப்பக்கம் நிண்டு சரியான நேரத்துக்குத் தள்ளினா நிப்பாட்டலாம். தையல் மிசின் ஊசிய அப்பிடித் தள்ளி நிப்பாட்ட ஏலுமா? இஞ்சின்ட உறுமல் ஊஞ்சல். பொலிசர்ட சத்தம் ஊசி. ஊசிக்குத் தடிச்ச மூடிதான் வேணும். உங்கட ஹெட்போன்ல பஞ்சு மெல்லிசு."

"மூண்டு கிழமைக்கு முந்தி இதே வாயாலதானே நல்லதெண்டு சொன்னீங்க?"

"ஓம் ஐயா. அது என்ட பிழை."

சொல்லி முடித்ததும் ஆச்சரியமாக உடம்பு லேசாகிவிட்டது. அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "சரி, நாளைக்கு உங்கட மூடியக் கொண்டு வாங்க, பாப்பம்" என்றார்.

மறுநாள் காதுமூடிகளோடு போனேன். பற்றரி இல்லை, பொத்தான் இல்லை. இரண்டு தடித்த கிண்ணங்கள், சுற்றிலும் மெத்தென்ற வளையம், தலையை இறுக்கும் பட்டி. பெட்டியில் எவ்வளவு சத்தம் குறைக்கும் என்று எண் அச்சிட்டிருக்கும். முதலாளி முன்னால் தவமணி அக்காவின் காதில் மைக்கை ஒட்டி, மூடியை மாட்டிவிட்டு, பெருமையோடு மீற்றரைத் திருப்பிக் காட்டினேன்.

பெட்டியில் சொன்னதில் பாதிகூடக் குறையவில்லை.

"இதுதானா உங்கட மூடி?" முதலாளி சிரித்தார். "எங்கட ஹெட்போன்ல பாட்டாவது கேக்கலாம்."

பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள். எனக்குக் கண் முட்டிக்கொண்டு வந்தது. மைக் பழுதோ என்று கழற்றி மாட்டினேன். பெட்டியின் எண்ணைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். மாத முடிவுக்கு நான்கு நாள். பதறினால் அங்கிருந்து ஓடத்தான் தோன்றும். நான் ஓடாமல் நின்றதற்குக் காரணம் வீரம் அல்ல, பஸ் வர இன்னும் ஒரு மணித்தியாலம் இருந்தது.

நின்றதால் அந்தச் சீலையைப் பார்த்தேன். மறுபடியும் அதே சீலை! காதுமூடியின் மெத்தை வளையம் தோலில் படவே இல்லை. துணியின் மடிப்பில் ஏறி நிற்கிறது. பக்கவாட்டில் தவமணி அக்காவின் தொங்கட்டான் தோடு வேறு அதைத் தள்ளிப் பிடிக்கிறது. விரல் நுழையும் இடைவெளி. பெட்டியில் இருந்த எண் ஆய்வுகூடத்தில் எடுத்தது. அங்கே யார் தவிட்டுக்குச் சீலை கட்டுவார்கள்?

"அக்கா, சீலைய அவிழுங்க!"

"அவிழ்த்தாத் தவிடு காதுக்குள்ள போகும். தலையெல்லாம் அரிக்கும். ஏலாது."

அவர் சொன்னது நியாயம். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றோம். பிறகு அவர் காதுமூடியைக் கழற்றிக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இத முதல் போட்டு, இதுக்கு மேலால சீலையக் கட்டினா என்னகா?"

சொல்லிக்கொண்டே செய்தார். தோட்டைக் கழற்றி முந்தானையில் முடிந்தார். தலைமயிரைப் பின்னுக்கு ஒதுக்கி, வெறும் காதில் மூடியை வைத்து அழுத்தினார். அதற்கு மேல் சீலை, மூக்கை மறைத்து, முடிச்சு. நான் மீற்றரைப் பார்த்தேன். எண் விழுந்தது. இன்னும் விழுந்தது. எல்லைக்குக் கீழே போய் நின்றது! நான் "அக்கா!" என்று கத்திக்கொண்டு துள்ளினேன். அவருக்கு நான் கத்தியதும் கேட்கவில்லை, துள்ளியதுதான் தெரிந்தது. "என்ன, பாம்பா?" என்று காலைத் தூக்கினார்.

முதலாளி மீற்றரை வாங்கிப் பார்த்தார். "எல்லாம் சரி. நிப்பாட்டு எண்டு நான் கத்தினா இனிச் சுத்தமாவே கேக்காதே?" என்றார்.

நல்ல கேள்வி. நான் யோசிக்காத கேள்வி. அவரே சுவரைப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"கோயில் திருவிழாவுக்கு வாங்கின சிவப்பு பல்ப் கிடக்கு. பொலிசர் முன்னால கட்டி, சுவிச்ச என்ட மேசையில வச்சா?"

"அருமை ஐயா!"

"எனக்கும் மூளை இருக்குப் பிள்ளை" என்றார். அன்றைக்கு அவர் கேலியில்லாமல் சிரித்த ஒரே சிரிப்பு.

பல்ப் அடுத்த நாளே எரிந்தது. அலுவலகத்துக்கு வந்து, முதல் அறிக்கையின் பிரதியை மேசையில் வைத்து, 'போதிய பாதுகாப்பு அளிக்கின்றன' என்ற வரியைச் சிவப்பில் வெட்டினேன். பிறகு வெட்டியது போதாது என்று தாளையே கிழித்தேன். புதியதில் எங்கே பிழைவிட்டேன் என்றும் எழுதினேன்: பொலிசருக்குப் பக்கத்தில் அளக்கவில்லை, சீலை கட்டிய தலையில் அளக்கவில்லை, பற்றரி தீரும்வரை நிற்கவில்லை. பின்னேரம் வேலையாட்களின் கேட்டல் மங்குவது ஆலைச் சத்தத்தால் என்று கருதக் காரணம் உண்டு என்றும், வைத்தியசாலையில் காதுப் பரிசோதனை செய்ய வேண்டும் என்றும் எழுதினேன். மெடம் முழுதும் வாசித்துவிட்டு முத்திரையை என் பக்கம் தள்ளினார்.

அப்பாவிடம் சொல்லத்தான் பயமாக இருந்தது.

"அப்பா, நான் முதல் அனுப்பின கடதாசி பிழை. அதுக்கு வேற எழுதியிருக்கன்."

"நான் அத ஊரெல்லாம் காட்டிட்டனே மகள்! மீன் வாடியில நிண்ட எல்லாருக்கும் காட்டினன். இனி நான் என்னத்தச் சொல்ற?"

"புதுசையும் காட்டுங்க."

"புதுசு நீளமா?"

"மூண்டு பக்கம்."

"அப்ப சரி. முந்தினது ஒரு பக்கந்தானே" என்றார்.

தவமணி அக்காவின் காதில் போனது எல்லாம் திரும்பவில்லை. இடது காதில் சில்வண்டு இன்னும் இருக்கிறது. போனது போனதுதான், மிச்சத்தைக் காப்பாற்றுங்கள் என்று வைத்தியசாலையில் சொல்லிவிட்டார்கள். ஆனால் மாத முடிவில் அவர் வேலையை விட்டு நிற்கவில்லை. புதிய அறிக்கையை முதலாளி மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருந்தார், பழையது இருந்த அதே இடத்தில்.

காதுமூடியா, ஹெட்போனா, எது நல்லது என்று உங்களிடமும் கேட்பார்கள். பெட்டியைப் பார்த்துப் பதில் சொல்லாதீர்கள். எந்தச் சத்தம், யாருடைய தலை, அந்தத் தலையில் வேறு என்ன இருக்கிறது, எத்தனை மணிவரை என்று திருப்பிக் கேளுங்கள். உங்கள் காதுக்குச் சுகமாக இருந்தால் உடனே சந்தேகப்படுங்கள். காலையிலும் அவர்களோடு கதையுங்கள், பின்னேரமும் கதையுங்கள்.

பல்ப் கட்டி இரண்டு வாரம் கழித்து, சும்மா பார்ப்போம் என்று பின்னேரம் ஐந்து மணிக்கு அந்த ஆலை வாசலில் போய் நின்றேன். மிசின்கள் நின்றன. பெண்கள் தவிட்டைத் தட்டிக்கொண்டு வெளியே வந்தார்கள். தவமணி அக்கா சீலையை அவிழ்த்து, மூடியைக் கழற்றி, முந்தானை முடிச்சில் இருந்து தோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

"அக்கா! எப்பிடி இருக்கீங்க?" என்று நான் பழைய பழக்கத்தில் தொண்டை கிழியக் கத்தினேன்.

அவர் காதைப் பொத்திக்கொண்டார்.

"ஏன்கா இப்பிடிக் கத்துறாய்? மிசின்தான் நிண்டுட்டுதே."